டிரெய்லரின் பின்விளக்கு: பல்பைக் கழற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கிறது; பிரேக்கை மிதித்தால் பக்கவாட்டுச் சிறு விளக்குகள் லேசாக எரிகின்றன; டெயில் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் ஒரு பக்க விளக்கு முழுவதுமாக அணைந்துவிடுகிறது. இந்த மூன்றில் எதைச் சொல்லிக்கொண்டு ஓர் ஓட்டுநர் பட்டறைக்கு வந்தாலும், பல்புப் பெட்டியைத் திறப்பதற்கு முன் நான் எர்த் வயரை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வயரைத்தான் தேடிப் போவேன். பின்விளக்குக்கு மின்சாரம் போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். அது பேட்டரிக்குத் திரும்பி வரும் வழியைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. டிரெய்லர் விளக்குகளில் பெரும்பாலான கோளாறுகள் அந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கின்றன என்பதை அனுபவத்தில் உறுதியாகக் கண்டுகொண்டதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் இடையில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பட்டறையில் கண்டெய்னர் டிரெய்லர்களுக்கு மின் வேலை செய்து வருகிறேன். தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும், மேற்கே மணலி, மாதவரம், விச்சூர் பக்கங்களில் கண்டெய்னர் யார்டுகள் என்று அமைந்திருப்பதால், இந்தப் பகுதியின் சாலைகளில் 40 அடி டிரெய்லர்கள் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன, இல்லையென்றால் வரிசையில் நிற்கின்றன. விரைவுச் சாலையில் பல இடங்களில் கடலுக்கும் வண்டிக்கும் நடுவில் கற்குவியல் மட்டுமே இருக்கிறது. அலை பாறையில் மோதித் தெறிக்கும் உப்பு நீர், காற்றோடு வந்து வண்டியின் இரும்பு அடிச்சட்டமான சேஸிஸின் ஒவ்வொரு இடுக்கிலும் படிகிறது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பல ஆண்டுகள் தாங்கக்கூடிய ஒரு வயர் ஜாயிண்ட், இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது.

பின்விளக்கு எரியாத டிரெய்லர் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சட்டமே ஓர் அளவாகச் சொல்லியிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்குகள் 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். எண் பலகையை ஒளிரச் செய்யும் வெள்ளை விளக்கால் எண் 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒருவர் 155 மீட்டரைக் கடக்க 9 விநாடிகளுக்குச் சற்று மேல் ஆகும். விளக்கில்லாத டிரெய்லரை அவர் தன்னுடைய ஹெட்லைட் வெளிச்சத்தில் 30 மீட்டரில்தான் பார்க்கிறார் என்றால், அவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிகூட இல்லை. கண்டெய்னரின் பின்முனை, இருசக்கர வண்டியில் வருபவரின் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. பின்புறம் ஒட்ட வேண்டிய சிவப்பு ஒளிதிருப்பும் பட்டையும் சேறு படிந்து மங்கியிருந்தால், அங்கே ஒரு வண்டி நிற்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. இந்தச் சாலைகளில் வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் எங்கள் ஊர் மக்கள்தான் அந்த இரண்டு விநாடியில் சிக்குகிறார்கள். அதனால் இதைச் சின்ன வேலை என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இனி வேலைக்கு வருகிறேன். லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். இழுவை வண்டியின் கேபினுக்குப் பின்னால் இருக்கும் ஏழு பின் சாக்கெட்டிலிருந்து சுருள் கேபிள் வழியாக டிரெய்லருக்கு மின்சாரம் போகிறது. ஐ.எஸ்.ஓ. 1185 என்ற தரத்தின்படி பின்களுக்கு எண்ணும் நிறமும் உண்டு. 1 எர்த், வெள்ளை வயர். 2 இடப்பக்க டெயில் மற்றும் பக்க விளக்குகள், கறுப்பு. 3 இடப்பக்க இண்டிகேட்டர், மஞ்சள். 4 பிரேக், சிவப்பு. 5 வலப்பக்க இண்டிகேட்டர், பச்சை. 6 வலப்பக்க டெயில் மற்றும் பக்க விளக்குகள், பழுப்பு. ஏழாவதான நீல வயரின் வேலை வண்டிக்கு வண்டி மாறும். நடைமுறையில் நிறத்தை நம்பவே கூடாது. கையில் கிடைத்த வயரை வைத்து யாரோ ஓர் இரவில் செய்துவிட்டுப் போன வேலை ஒவ்வொரு டிரெய்லரிலும் இருக்கும். பிளக்கில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

ஆறு வயர்கள் போகும் வழி, ஒரே ஒரு வெள்ளை வயர் திரும்பும் வழி. எல்லா விளக்குகளின் மின்னோட்டமும் அந்த ஒன்றில்தான் திரும்ப வேண்டும். நல்ல கேபிளில் மற்ற வயர்கள் 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் எர்த் மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டராக இருப்பது இதனால்தான். அந்த வயர் அறுந்தாலும் சில டிரெய்லர்களில் விளக்கு எரியும். சேஸிஸ் வழியாக, டிரெய்லரை இழுவை வண்டியோடு பூட்டும் கிங் பின் வழியாக, அது உட்கார்ந்திருக்கும் தட்டு வழியாக மின்சாரம் எப்படியோ இழுவை வண்டிக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்தத் தட்டில் கிரீஸ் பூசியிருக்கிறது, அது அசையும் இடமும்கூட. ஆகவே நிற்கும்போது எரிந்த விளக்கு ஓடும்போது விட்டு விட்டு எரியும், திருப்பத்தில் அணையும், பட்டறைக்கு வந்து நிறுத்தினால் மறுபடி ஒழுங்காக எரியும். "இங்க வந்தா மட்டும் நல்லா எரியுது அண்ணே" என்று ஓட்டுநர் வருத்தத்தோடு சொல்வதைக் கேட்டால், முதல் பின்னில் வெள்ளை வயர் விட்டுப்போயிருக்கிறது என்று பெரும்பாலும் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

தொடக்கத்தில் சொன்ன விசித்திரங்களுக்கும் விளக்கம் இதுவேதான். ஒரு பின்விளக்குக் கூட்டுக்குள் டெயில், பிரேக், இண்டிகேட்டர் என்று மூன்று பல்பு இழைகள் இருந்தாலும் அவற்றுக்குப் பொதுவாக ஓர் எர்த்தான். அந்தப் பொது எர்த் விட்டுப்போனால் பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் திரும்ப வழியில்லாமல், டெயில் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, டெயில் வயர் வழியே போய், அதே வரிசையில் இருக்கும் பக்க விளக்குகளின் வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. அதனால்தான் பிரேக்கை மிதித்தால் பக்க விளக்குகள் மங்கலாக எரிகின்றன. டெயில் லைட் சுவிட்சையும் போட்டுவிட்டால் டெயில் வயரிலும் 24 வோல்ட், பிரேக் வயரிலும் 24 வோல்ட். இரண்டு முனைகளும் சமமாகிவிட, மின்சாரம் ஓட இடமே இல்லாமல் அந்தக் கூடு இருண்டுவிடுகிறது. ஓட்டுநர் பகலில் பிரேக் விளக்கைச் சோதித்து, ஏதோ சிவப்பாக எரிகிறது என்று திருப்தியோடு கிளம்பியிருப்பார். இரவில் டெயில் லைட் போட்ட பிறகு அவர் பிரேக் பிடித்தால் பின்னால் ஒன்றுமே தெரியாது. ஆகவே பிரேக் விளக்கைச் சோதிக்கும்போது டெயில் லைட்டையும் இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் எர்த் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

பட்டறைக்கு வந்ததும் முதல் கேள்வி, பழுது இழுவை வண்டியிலா டிரெய்லரிலா என்பதுதான். துறைமுக வேலையில் ஒரு டிரெய்லர் காலையில் ஒரு வண்டியோடும் மாலையில் வேறொரு வண்டியோடும் போகிறது. ஒருவர் மற்றவர் மீது பழி போட்டுக்கொண்டே பழுது மாதக்கணக்கில் ஊர் சுற்றும். சுருள் கேபிளைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியின் சாக்கெட்டில் 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயரோடு வைத்து, ஒவ்வொரு பின்னுக்கும் முதல் பின்னுக்கும் இடையே எரியவிட்டுப் பார்க்கிறேன். பிறகு அதே சோதனையை முதல் பின்னுக்குப் பதிலாக வண்டியின் சேஸிஸைத் தொட்டுச் செய்கிறேன். சேஸிஸில் தொட்டால் பிரகாசமாகவும் முதல் பின்னில் தொட்டால் மங்கலாகவும் எரிந்தால், சாக்கெட்டின் எர்த் வயரே பழுது. இரண்டிலும் நன்றாக எரிந்தால் இழுவை வண்டி சுத்தம். அடுத்து சுருள் கேபிளின் மறுமுனையிலும் இதையே செய்து பார்த்துவிட்டால் கேபிளும் தீர்ந்தது. அதன்பின் டிரெய்லருக்கு வெளியிலிருந்து இரண்டு பேட்டரிகளை இணைத்து ஒவ்வொரு பின்னாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் நேராகப் பின்னால் போய் ஸ்குரூ டிரைவரை எடுப்பவர்கள் பாதி நாளை வீணாக்குகிறார்கள்.

மல்டிமீட்டரைப் பற்றி ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அண்மையில் ஓர் இளைஞர், தானே பழுது பார்க்கத் தெரிந்த ஓட்டுநர், மணலிப் பக்கமிருந்து வந்து, "அண்ணே, பல்பு மாத்திட்டேன், ஹோல்டரும் புதுசு, மீட்டர் வெச்சா இருபத்தி நாலு காட்டுது, ஆனா எரிய மாட்டேங்குது" என்றார். "பல்பு மாட்டியிருக்கும்போது பாத்தியா தம்பி, கழட்டிட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன். கழற்றிவிட்டுத்தான் பார்த்திருந்தார். மல்டிமீட்டர் தன் வழியாக எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்குகள்தான். ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் செப்பு வயரும், களிம்பேறிய ஜாயிண்டும் அந்த அளவுக்குத் தாராளமாக இடம் கொடுக்கும். மீட்டர் முழு 24ஐக் காட்டும். பல்பு கேட்பது ஏறக்குறைய 0.9 ஆம்பியர், அதை அந்த ஜாயிண்ட் விடாது. ஆகவே விளக்கைப் போட்டு, சுமை ஏறியிருக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை நீளமான வயரால் இழுவை வண்டியின் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை எரிய வேண்டிய விளக்கின் எர்த் முனையில் வையுங்கள். அங்கே காட்டும் வோல்ட்தான் திரும்பும் வழியில் தொலைந்துபோன வோல்ட்.

எவ்வளவு தொலையலாம் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். 21 வாட் பிரேக் விளக்கு இரண்டு, 21 வாட் இண்டிகேட்டர் ஒன்று, 5 வாட் டெயில் இரண்டு, 5 வாட் பக்க விளக்கு பத்து என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 123 வாட். 24 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் சொச்சம். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 15 மீட்டருக்கு ஏறக்குறைய 0.11 ஓம் தடை கொடுக்கும். ஆகவே எல்லா விளக்கும் எரியும்போதும் ஆரோக்கியமான எர்த் வயரில் தொலைவது அரை வோல்ட் அளவுதான். மீட்டர் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ ஒரு ஜாயிண்ட் கெட்டிருக்கிறது. அந்த ஜாயிண்டின் தடை வெறும் 1 ஓம் என்றாலும் அதில் 4 வோல்ட்டுக்கு மேல் தொலையும், 17 வாட் அளவுக்கு வெப்பமும் அங்கேயே உண்டாகும். டேப் சுற்றிய ஜாயிண்ட் உருகி, பிளக்கின் பிளாஸ்டிக் முதல் பின்னைச் சுற்றிப் பழுப்பேறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான். இழை பல்பில் மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறக்குறைய பாதியாகிவிடும். அதாவது விளக்கு "எரிகிறது" என்று ஓட்டுநர் சொல்லும்போதே 155 மீட்டரில் தெரியாத நிலைக்கு அது போயிருக்கலாம்.

கெட்ட ஜாயிண்டைக் கண்டுபிடிக்க மீட்டர் முனையைப் பின்னாலிருந்து முன்னாலாக, ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வர வேண்டும். காட்டும் வோல்ட் திடீரென்று குறையும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பழுது. இந்த வேலைக்காக வயரின் உறையில் ஊசியைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தச் சின்னத் துளை வழியாக உப்பு நீர் உள்ளே போகும். செப்பு இழைகளுக்கு நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளி அதை உறிஞ்சி இரு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும் வயரின் உள்ளே செப்பு கறுத்துப் பொடியாகிவிடும். குத்திப் பார்த்த இடம் யாருக்கும் நினைவிருக்காது. வயர்கள் ஒன்றுசேரும் ஜங்ஷன் பாக்ஸிலும் பிளக்கிலும் விளக்கின் முனையிலும் திறந்து அளப்பதற்கு இடம் இருக்கிறது. அதுவே போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் வெள்ளம் நின்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். யார்டுகளில் நின்ற டிரெய்லர்களின் பின்விளக்குக் கூடுகளும் ஜங்ஷன் பாக்ஸ்களும் அந்த நீரில் ஊறின. வடிந்ததும் விளக்குகள் எரிந்ததால் பலர் அப்படியே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிந்தைய மாதங்களில்தான் வேலை குவிந்தது. பாக்ஸைத் திறந்தால் திருகுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, முனைகளுக்கு நடுவே வெள்ளை உப்புப் படிவு. நனைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே டெயில் வயரிலிருந்து இண்டிகேட்டர் வயருக்கு உப்பின் வழியாகவே கசிவு போய்க்கொண்டிருந்தது. இழை பல்பாக இருந்தால் அந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி. விளக்காக இருந்தால் சுவிட்ச் போடாமலே மெல்லிய ஒளி தெரியும். அதைப் பார்த்துவிட்டு விளக்கைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள், அல்லது ஒரு ரெசிஸ்டரை இணைத்து ஒளியை மறைக்கிறார்கள். பாக்ஸை நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, முனைகளைச் சுரண்டிப் புதிதாக இணைப்பதுதான் அதற்கு மருந்து.

எல்.இ.டி. விளக்குகளைப் பற்றி என் கருத்தைக் கேட்பவர்களுக்கு: நல்லவைதான், போடுங்கள். மின்சாரம் குறைவாகக் குடிக்கும், அதிர்வில் அறுந்துபோக இழை இல்லை, அடைத்த கூடு என்பதால் ஹோல்டர் துருப்பிடிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் வயரிங்கைச் சரி செய்யாமல் எல்.இ.டி. போடுவது பழுதின் மேல் திரை போடுவதாகும். குறைந்த மின்னோட்டம் போதும் என்பதால் கெட்ட ஜாயிண்ட் கொஞ்சநாள் சத்தமின்றி இருக்கும். பிறகு ஒருநாள் அந்தக் குறைந்த மின்னோட்டமும் போகாமல், மங்கும் எச்சரிக்கைகூட இல்லாமல் மொத்தமாக அணைந்துவிடும். இண்டிகேட்டர் வேகமாகத் துடிக்கிறது என்ற புகாரும் இதோடு வரும். பல வண்டிகளில் இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் பிளாஷர், தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தைப் பார்த்து, குறைந்தால் பல்பு ஒன்று போய்விட்டது என்று ஓட்டுநருக்குத் தெரிவிக்கவே வேகமாகத் துடிக்கிறது. எல்.இ.டி.க்குரிய பிளாஷரைப் போட்டுக்கொள்வது முறை. இழை பல்பே போட்டிருக்கும் வண்டியில் அந்த வேகமான துடிப்பு வந்தால் பிளாஷரைத் தொடாதீர்கள். பின்னால் ஒரு பல்போ ஒரு ஜாயிண்டோ விட்டுப்போயிருக்கிறது.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகும் பழுது வேறு வகை. அங்கே மின்சாரம் விளக்குக்குப் போகும் முன்பே குறுக்கு வழியில் சேஸிஸைத் தொட்டுவிடுகிறது. பெரிய பியூஸ் போடுவது, வெள்ளிக் காகிதம் சுற்றுவது, வயர் துண்டைச் செருகுவது எல்லாம் வண்டியையும் சரக்கையும் எரிக்கும் வேலைகள். அப்படிச் செய்து வந்த வண்டியை வயரிங் முழுவதும் பார்க்காமல் நான் வெளியே விடுவதில்லை. ஷார்ட்டைத் தேட, அந்தச் சர்க்யூட்டின் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைக்கிறேன். ஷார்ட் இருக்கும் வரை அது முழுப் பிரகாசமாக எரியும். 3 ஆம்பியருக்கு மேல் எதையும் போகவிடாது என்பதால் வயருக்கு ஆபத்தில்லை. இனி வயரை ஆட்டிக்கொண்டே, இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே பின்னோக்கிப் போனால் பல்பு அணையும் இடத்தில் பழுது இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவைதான்: ரப்பர் வளையம் இல்லாமல் சேஸிஸ் துளைக்குள் வயர் நுழையும் இடம், கழற்றி நிறுத்திய டிரெய்லரைத் தாங்கும் நிறுத்தக் காலின் அருகே, பட்டை ஸ்பிரிங் ஏறி இறங்கும் இடம், கண்டெய்னரைப் பூட்டும் லாக்குகளின் அடிப்புறம், கேபினுக்குப் பின்னால் சுருள் கேபிள் தட்டின் மேல் உரசிக்கொண்டே கிடக்கும் இடம்.

வெல்டிங்கைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நம் பகுதியில் டிரெய்லர் சேஸிஸுக்கு வெல்டிங் நடக்காத வாரம் இல்லை. வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் போடாமல், வசதிக்காக முன்னால் எங்கேயோ கடித்துவிட்டுப் பின்னால் வெல்டு செய்வார்கள். நூறு ஆம்பியருக்கு மேல் போகும் அந்த மின்சாரம் வழியில் கிடைத்த எல்லாவற்றின் ஊடாகவும் திரும்பும். துருப்பிடித்த பாகங்களைவிட நம் வெள்ளை வயர் நல்ல கடத்தி என்பதால் அதுவும் பங்கெடுத்துக்கொள்கிறது. இழுவை வண்டியோடு இணைத்த நிலையில் இதைச் செய்தால் சுருள் கேபிளின் எர்த்தும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பெட்டியும் பாதிக்கப்படும். வெல்டிங்குக்கு முன் எல்லாக் கேபிள்களையும் கழற்றுங்கள். கிளாம்பை வெல்டு செய்யும் இடத்திலிருந்து ஒரு முழத்துக்குள் சுரண்டிய இரும்பில் போடச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்து சில நாட்களில் விளக்குகள் தகராறு செய்யத் தொடங்கினால் முதலில் வெள்ளை வயரை உருவிப் பாருங்கள். உறை சுருங்கி ஒட்டியிருக்கும்.

சரி செய்யும்போது கறுத்த செப்பை இணைப்பதில் பயனில்லை. பளபளப்பான செப்பு வரும்வரை வயரை வெட்டிப் பின்னால் போக வேண்டும். ஓரடி போனாலும் கறுப்பாகவே இருந்தால் அந்த வயரையே மாற்றிவிட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதை நான் செய்வதில்லை. வயரை நசுக்கிப் பிடிக்கும் உலோக இணைப்பான கிரிம்பைச் சரியான அளவில் போட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயை ஏற்றிச் சூடு காட்டினால் முனையில் பசை பிதுங்கி அடைத்துக்கொள்ளும், நீர் நுழையாது. ஒவ்வொரு விளக்குக்கும் எர்த்தைத் தனி வயராக ஜங்ஷன் பாக்ஸுக்குக் கொண்டு வந்து சேர்க்கிறேன். விளக்கைப் பொருத்திய போல்ட்டையே எர்த்தாக நம்புவது கடலோரத்தில் ஒரு வருடம்கூட ஓடாது. பாக்ஸுக்குள் வயர்கள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும்; நுழைவதற்கு முன் சற்றுத் தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும். ஏழு பின் பிளக்கின் பிளந்த பின்கள் நாளடைவில் ஒடுங்கிவிடும். மெல்லிய கத்தி முனையால் அவற்றை இலேசாக விரித்து, களிம்பைத் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். சாக்கெட் மூடியின் ஸ்பிரிங் போயிருந்தால் அன்றே மாற்றுங்கள். டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது பிளக்கைத் தரையில் போடாதீர்கள். சேற்றில் கிடந்த பிளக்கை அப்படியே செருகித்தான் நல்ல வண்டியின் சாக்கெட்டையும் கெடுக்கிறோம்.

உதவியாளர் இல்லாமல் தனியாக ஓட்டும் ஓட்டுநர்கள் பிரேக் விளக்கைப் பார்க்க முடியவில்லை என்கிறார்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அளவாக வெட்டிய ஒரு கழியை இருக்கைக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பாருங்கள். டெயில் லைட்டும் அபாய இண்டிகேட்டரும் சேர்ந்தே எரிந்துகொண்டிருக்கட்டும். கழியை எடுத்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும் என்பதற்காக அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது ஸ்டியரிங் வரை நீண்டிருக்கும்படி விடுவது என் பழக்கம்.

யார்டு நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வாயிலில் ஒரு சோதனைப் பெட்டி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. வண்டியிலிருந்து எடுத்த, இன்னும் உயிருள்ள 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஓர் ஏழு பின் சாக்கெட், சில சுவிட்சுகள், அவ்வளவுதான். பேட்டரியின் பாஸிட்டிவிலிருந்து கிளம்பியதும் முதலில் 10 ஆம்பியர் பியூஸ், பிறகு 2 முதல் 6 வரையான பின்களுக்குத் தலா ஒரு சுவிட்ச், நெகட்டிவிலிருந்து நேராக முதல் பின். இழுவை வண்டி இல்லாமலே, கழற்றி நிற்கும் டிரெய்லரை அங்கே இணைத்து, ஐந்து சுவிட்சுகளையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் பின்னால் நடந்து பார்த்தால் போதும். நெகட்டிவ் வயரோடு ஒரு மீட்டரும் வைத்திருந்தால், டிரெய்லரின் கடைசி விளக்கின் எர்த் முனை வரை தொலையும் வோல்ட்டையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம். 1 வோல்ட்டைத் தாண்டிய டிரெய்லரை அன்று இரவு வெளியே அனுப்பாதீர்கள்.